பூசணிப்பூவைப் பறிகொடுத்த கதை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்களுக்குத்தான் ஐயா அதிகம் வரும். மற்றவர்கள் கத்தித் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு அது உள்ளேயே கிடந்து புளித்துப் பொங்குகிறது. வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று வாயைத் திறக்க வேண்டுமே என்று பயந்து ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். அதுவும் எங்கே என்று கேளுங்கள்.

ஹைதராபாத்தில், லாலாகுடாவில் எங்கள் வீடு. வீட்டுச் சுவருக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு துண்டு மண் உண்டு. நான் தோட்டம் போடுவது அதில்தான். முந்தின வருடம் தக்காளி கருகியது. அவரையை நத்தை தின்றது. அந்தச் சமயம் பார்த்து என் மகன் பாபு பைக் வாங்கினான்.

"டாடி, அங்க என்னா விளையுது? தோட்டம் நக்கோ டாடி, வேணாம். சிமெண்ட் போட்டா பைக்காவது நிக்கும்."

என் மனைவி சரோஜா தீர்ப்புச் சொன்னாள். "இந்தக் குளிர் சீசன் மட்டும் டைம். பொங்கலுக்குள்ள ஒரு காயாவது என் அடுப்புக்கு வரணும். இல்லேன்னா கொத்தனாரைக் கூப்பிட்டுருவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சரி" என்றேன்.

அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து, டப்பாவில் இருந்ததை எடுத்துப் பரப்பித் திட்டம் போட்டேன். துவரம்பருப்பு ஒரு வரிசை, அது முள்ளங்கி. கொண்டைக்கடலை இரண்டு வரிசை, அது காலிஃபிளவர். காய்ந்த பட்டாணி, அது பட்டாணியேதான். சுவரோரம் ஒரு வெங்காயம், அது பூசணி. பூசணியை மழையிலேயே ஊன்றி சுவரில் ஏற்றிவிட வேண்டும், குளிர் தொடங்கியதும் கீழே மற்றதெல்லாம். எவ்வளவு அழகான திட்டம்! குளித்துவிட்டு வருவதற்குள் சரோஜா என் தோட்டத்தை மொத்தமாக அள்ளி, கழுவி, ஊறப் போட்டிருந்தாள். (மறுநாள் சுண்டல். கோபத்தோடு இரண்டு தட்டு தின்றேன்.)

ஆனாலும் பூசணி என்னைக் கைவிடவில்லை. புரட்டாசியில் கொடி சுவர் முழுக்கப் படர்ந்து, விடிந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒவ்வொரு பூவும் ஒரு காய் என்று கணக்குப் போட்டேன். சூப்பர்வைசருக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று (பாசத்தால் அல்ல, வயிறெரியட்டும் என்று), சரோஜாவுக்கு சாம்பாரும் கூட்டுமாக மிச்சம் எல்லாம்.

பிறகு திருட்டு ஆரம்பித்தது. காலையில் பூவைப் பார்த்துவிட்டு மல்லாபூரில் உள்ள தொழிற்சாலைக்கு சைக்கிளை மிதிப்பேன். இருட்டிய பிறகு வந்தால் வெறும் காம்புதான் நிற்கும். தினமும் இதே கதை. எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். பால்காரரைச் சந்தேகப்பட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, முறைத்தேன். அவர்கள் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து, டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

"கைக்கு டென்ஷன் டாடி? பூதானே" என்றான் பாபு. (ஹைதராபாத் பாஷையில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.) அவன் பைக் கண்ணாடியைத் திருகி எறிய வேண்டும் போலிருந்தது. துணியால் துடைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து, சாயங்காலமே தெருமுனைக்கு வந்துவிட்டேன். அங்கே பதுக்கம்மா பண்டிகை. தெலங்கானாப் பெண்கள் தட்டில் பூக்களைக் கோபுரம் போல அடுக்கி, நடுவில் வைத்து, சுற்றி வந்து கைதட்டிப் பாடுவார்கள். வருடா வருடம் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறவன்தான். அன்று எதற்கோ நிமிர்ந்தேன். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஒரு பூசணிப்பூ! எங்கள் தெருவில் வேறு யாரிடம் இருக்கிறது பூசணிக்கொடி?

என் கூச்சம் அந்த நிமிடம் எங்கே போய்த் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. சைக்கிளைக் கீழே போட்டேன். பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய கோபுரத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தேன்.

"இது என் பூசணிக்காய்!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. கைதட்டல் நின்றது. கோபுரம் மெதுவாக ஒரு பக்கம் சரிந்து தட்டெல்லாம் கொட்டியது. என் கையில் வாடிய பூ. பூவுக்குள் மஞ்சளில் பிடித்து வைத்த கௌரம்மா. அதாவது சாமி! சாமியைத்தான் நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டுப்புடவையில் ஒருத்தி முன்னால் வந்தாள். சரோஜா.

"யோவ், என்னய்யா பண்ற? காலையிலேருந்து உக்காந்து அடுக்கினேன்யா!"

"நீதானா பூவைத் திருடினது?"

"என் வீட்டுப் பூவை நான் பறிச்சா திருட்டா? தெருவுல எல்லாருக்கும் நான்தான் குடுத்தேன்."

"அத்தனையும் காய்டி! எல்லாத்தையும் பிஞ்சுலயே கொன்னுட்டியே!"

பக்கத்து வீட்டு யாதம்மா அக்கா என் கையைப் பிடித்துப் பூவைப் பார்த்தாள். அவள் பேசியது தெலுங்கு. அடி குறையாமல் தமிழில் தருகிறேன்.

"தம்பி, இது ஆம்பளைப் பூ. காம்புதான் இருக்கும், காய்க்காது. பொம்பளைப் பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருக்கும். அதை நாங்க தொடவே இல்லை. ஆம்பளைப் பூவிலும் நாலைஞ்சு விட்டுட்டுத்தான் பறிச்சோம். இலைக்கடியில ரெண்டு காய் தொங்குதே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. பூவைப் பார்த்தே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் இலையை எதற்குத் தூக்கிப் பார்க்கிறேன்?

"ஆம்பளைப் பூவுக்குப் பரிஞ்சு ஒரு ஆம்பளை வந்திருக்காரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. தெருவே சிரித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் சரோஜாவிடம்.

"எப்ப சொல்றது? காலைல செடிகிட்ட பேசுற. ராத்திரி மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிற."

கௌரம்மாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. "கலைச்சவரே அடுக்கட்டும்" என்றாள் யாதம்மா. எண்ணெய்க் கறைச் சட்டையோடு அத்தனை பெண்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆவாரம்பூவும் சாமந்தியுமாக அடுக்கினேன். "கோணலா இருக்கு", "மறுபடி வை" என்று ஆளாளுக்கு அதட்டினார்கள். முடித்ததும் அதைத் தலையில் சுமந்து, பூவைக் கரைக்கும் குளம் வரைக்கும் ஊர்வலத்தின் முன்னால் நடக்கவும் விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று முழுக்கப் பார்த்தார். என் கண் சரியாகத்தான் இருக்கிறது என்று அன்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு பூசணியும் பொங்கலுக்கு முன்பே அடுப்பேறின. காலிஃபிளவரும் கைப்பிடி அளவுக்கு வந்தது. ஆனால் மண்ணைக் காப்பாற்றியது அவை அல்ல. "எங்க பூவுக்குக் கொடி வேணும், சிமெண்ட் கிமெண்ட்னு வந்தா நடக்கிறதே வேற" என்று யாதம்மா என் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். நான் நியாயமாகக் கத்தியிருக்க வேண்டிய கத்தல் அது. பாபுவின் பைக் இன்றும் தெருவில்தான் நிற்கிறது. மண் என்னிடமே இருக்கிறது. விதையை நான் வாங்குகிறேன், தண்ணீரை நான் ஊற்றுகிறேன், பெயர் மட்டும் 'யாதம்மா தோட்டம்'.

போகட்டும். பாபுவின் கல்யாணத்தில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. மணமேடை முழுக்கப் பூ அலங்காரம். நான் ஏறியதும் பாபு மாலையும் கழுத்துமாகக் கத்தினான்: "மம்மி, டாடி கையைப் பிடிச்சுக்கோ!" சரோஜா என் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தவள் தாலி கட்டி முடியும்வரை விடவில்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்படியே நிற்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிவிட்டு, "இந்த வயசுலயும் உங்க ரெண்டு பேருக்கும் என்னா ஒட்டுதல்!" என்று உருகுகிறார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. "ஆமாங்க" என்கிறேன்.