கேப்டன் பரம்பரை

"நாலு வயசுல செத்துப்போன உங்க கொள்ளுத்தாத்தா, முப்பது வயசுல எப்படிங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாரு?"

கேட்டவர் சம்பந்தியாகப் போகிற தலைமையாசிரியர். சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. சைக்கிள் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மகளின் கல்யாண அழைப்பிதழில் 'பிரெஞ்சுக் கேப்டன் பரம்பரை' என்று தங்க எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. அதற்கு ஆதாரமாக அவர் கைப்பட எழுதிய வம்சப் பட்டியலைத்தான் சம்பந்தி இப்போது திருத்திக்கொண்டிருந்தார்.

"அது பிரெஞ்சுக்காரங்க வழக்கம் சம்பந்தி. ஒரு பிள்ளை செத்துப்போனா, அடுத்த பிள்ளைக்கும் அதே பேரை வெச்சிடுவாங்க. செத்தது அண்ணன், கட்டிக்கிட்டது தம்பி. நாங்களும் விடாம வெச்சுக்கிட்டு வர்றோம்."

"அதுக்காக ஒரே பேர்ல ஒம்பது பேரா?"

"வீட்ல நெட்டை, குட்டை, சிடுமூஞ்சின்னு கூப்பிட்டுக்குவோம். குழப்பமே வராது."

"இதுல நீங்க யாரு?"

"சிடுமூஞ்சி" என்று சமையலறையிலிருந்து மனைவி பதில் சொன்னாள்.

"பேரைப் பார்த்தா பிரெஞ்சுப் பேரு மாதிரியே இல்லையே?"

"ஏழு தலைமுறையா நம்ம வாயில பட்டுத் தேய்ஞ்சுபோச்சு!"

சம்பந்தி பேனாவை மூடினார். "பொய்யில ஆரம்பிக்கிற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். ஆதாரம் காட்டுங்க, இல்லாட்டி விட்டுடுவோம்."

மறுநாளே அவரை ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் சைக்கிள் கடைக்காரர். சும்மா இருந்திருக்கலாம். அங்கிருந்த குமாஸ்தா அம்மாள் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"கேப்டன் இருக்காரு. ஆனா அதே பேர்ல இன்னொருத்தரும் இருக்காரு. கோட்டையில பதினெட்டு வருஷம் சமையல்காரரா இருந்தவர். உங்க வம்சம் இவர்கிட்டதான் போகுது சார்."

"ரகசிய வேலையா மாறுவேஷத்துல இருந்திருப்பாரும்மா!"

"பதினெட்டு வருஷமாவா?" என்றார் சம்பந்தி.

மானம் கப்பலேறியது. வாய் சும்மா இருக்க வேண்டுமே! "பிரான்சுல இருக்கிற எங்க சொந்தக்காரங்களே வந்து சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கேப்டன் குடும்பத்தின் மின்னஞ்சல் முகவரியை மகள் எப்படியோ தேடிப் பிடித்தாள். "வேண்டாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் கடிதத்தை அனுப்பினாள். ஒரு பயலும் பதில் போட மாட்டான் என்பது அப்பாவின் கணக்கு.

பத்தாம் நாள் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒரு பிரெஞ்சு அம்மாளும், மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் இறங்கினார்கள். முடிவு கேட்க வந்திருந்த சம்பந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடை உள்ளே மகள் பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் சைக்கிள் கடைக்காரருக்கு, போதும் இந்தக் கூத்து என்று தோன்றிவிட்டது.

"அம்மா, நான் கேப்டன் வம்சம் இல்லீங்க. அதே பேர்ல இருந்த சமையல்காரர் வம்சம். எம்பொண்ணுக்குக் கௌரவமா இருக்கட்டும்னு பொய் சொல்லிட்டேன். என்னைத் திட்டுங்க, அவ கல்யாணத்தைக் கெடுத்துடாதீங்க."

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். பிரெஞ்சு அம்மாளின் கண்கள் கலங்கின. கிரீஸ் அப்பிய அவர் கைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஏதேதோ பேசினாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று சம்பந்தி எழுந்தே விட்டார்.

"எதிரிங்க கோட்டையை முற்றுகை போட்டு எல்லாரும் பட்டினி கிடந்தப்ப, ஒரு பிரெஞ்சுத் தாய்க்குத் தன் பங்குச் சாப்பாட்டைக் கொடுத்து, அவங்க கைக்குழந்தையையும் சேர்த்துக் காப்பாத்துனது அந்தச் சமையல்காரர்தானாம். குழந்தையோட ஞானஸ்நானத்துல அவரையே ஞானத்தகப்பனா நிக்க வெச்சிருக்காங்க. ஞானத்தகப்பன் பேரைத்தான் குழந்தைக்கு வைக்கிறது அவங்க குடும்ப வழக்கம். அந்தக் குழந்தைதான் பின்னாடி கேப்டன் ஆனது" என்றாள் மொழிபெயர்த்த பெண். "அவங்க பேரு உங்களுக்கு வரல சார், உங்க பேருதான் அவங்களுக்குப் போயிருக்கு!"