வெள்ளை நகத்து வல்லூறு

சங்கரன்கோவில்
9.1.1979

சிவகிரியில் சகல சுகத்தோடும், வாய் மட்டும் அடங்காமலும் இருக்கும் என் மனைவியின் தம்பி வெள்ளத்துரை மாப்பிள்ளைக்கு, அத்தான் சண்முகையா சொல்லச் சொல்ல மருமகள் பூமாரி எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அக்கா பிச்சம்மாளும் மாடு கன்றுகளும் நலம். உன் மூட்டுவலி எப்படி என்று கேட்கச் சொன்னாள் உன் அக்கா. கேட்டாயிற்று. இனி என் விஷயம்.

போன பொங்கலுக்குப் பந்தியில் இருபத்திரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கும். எனக்கு அப்போது உன் இலையில் அவியல் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட மறக்கவில்லை. "வானத்துல போற வல்லூறுக்கெல்லாம் பேரு பிரிச்சுச் சொல்லுதாரு அத்தான், தன் பேரை எழுதத் தெரியலை" என்றாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பேர்தான் மாப்பிள்ளை, இப்போது மெட்ராஸில் அச்சடிக்கும் பறவைப் பத்திரிகையில் வரப்போகிறது.

நேற்று முன்தினம் காலேஜ் வாத்தியார் ஒருவர், கழுத்தில் பைனாகுலரும் கையில் தலையணை தடிமனில் புத்தகமுமாக நம் கிணற்றுக்காட்டுக்கு வந்தார். மோட்டார் ரூம் கைப்பிடிச் சுவரில் ஒரு பெட்டை வல்லூறு. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே எலி பார்க்குமே, அந்தச் சிவப்பு ஜாதி. அதில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று உண்டு. ஆணாக இருந்தால் முதுகைப் பார்த்தால் போதும், கறுப்புப் புள்ளி இருந்தால் பெரியது, வெறும் செங்கல் நிறமானால் சின்னது. பெட்டைகளோ ஒரே தறியில் நெய்த இரண்டு சேலை. வாத்தியார் புத்தகத்தைப் புரட்டுகிறார், பறவையைப் பார்க்கிறார், மறுபடியும் புரட்டுகிறார். "பெருசுதான் பெரியவரே. சின்னது இந்தப் பக்கம் வாறது அபூர்வம்" என்றார். நான் விடுவேனா? "நகத்தைப் பாருங்க ஐயா. பெருசுக்குக் கறுப்பு, சின்னதுக்கு வெள்ளை" என்றேன். உமக்கு எப்படித் தெரியும் என்றார். சுதந்திரத்துக்கு மறுவருஷம் மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காடை வலையில் சிக்கிய பெரியதை எடுத்துவிடப் போய் அதன் கறுப்பு நகம் என் இடது பெருவிரலைக் கிழித்ததையும், வெட்டுக்கிளி வந்த வருஷம் பனையடியில் செத்துக்கிடந்த சின்னதின் காலைப் புரட்டி, அரிசி மாதிரி இருந்த நகத்தைப் பார்த்ததையும் சொன்னேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் "அட!" என்றார். "நகம் வெள்ளையேதான். ஆனா காலும் வெளுத்துல்லா இருக்கு?" "எங்க ஊரு வெயிலு எதைத்தான் வெளுக்காம விட்டுச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டே, பறவைப் பத்திரிகைக்கு அனுப்பவென்று நோட்டில் எழுதினார்: கண்டு சொன்னவர் சண்முகையா, விவசாயி, சங்கரன்கோவில். மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஆகவே மாட்டுப் பொங்கலுக்கு நீ வந்து, அதே பந்தியில், அதே இடத்தில் உட்கார்ந்து, அத்தான் பேர் அச்சில் வருகிறது என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டியது. உன் பிள்ளைகளுக்குக் கோமதியம்மாள் துணையிருப்பாள். உன் மூட்டுக்கு நல்லெண்ணெய் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு உன் அத்தான்,
சண்முகையா

பின்குறிப்பு: இவ்வளவையும் எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுப் பூமாரி கேட்கிறாள், "மாமா, அந்த மோட்டார் ரூம் சுவருக்கு அன்னைக்குக் காலையிலதான நான் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன்?"

"ஏட்டி, இதை முதல்லயே சொல்லப்படாதா?"

"நீங்க எங்க மூச்சு விட்டீங்க, நான் சொல்ல?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பில் நாலு விரல் தடம் அச்சுப் போல விழுந்திருக்கிறது. பத்தடி தள்ளி வேலிக்கல்லில் அதே பெட்டை. சுண்ணாம்பு உதிர்ந்து மூன்று நகம் கறுத்துவிட்டது; பின்நகத்தில் மட்டும் இன்னும் பொங்கல். வாத்தியாருக்கு இதே தபாலில் கார்டு போகிறது: பறவை பெரியது, தப்பு என்னுடையது, பேர் போட வேண்டாம். புத்தகம் படித்தவர் ஏமாந்ததை, படிக்காதவன் போய்ப் பார்த்துத் திருத்தினான் என்று நீ பந்தியில் சொல்லலாம். கீழே என் இடது பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு கோடு ஓடும், பார். அது கறுப்பு நகம் போட்டது. அதில் சுண்ணாம்பு கிடையாது.