ஆறாம் வரிசை, அடிப்பெட்டி

"இந்த நம்பர்ல ஒரு பெட்டி உலகத்துலயே கிடையாதும்மா," என்றார் ஜோசியர். "டைப் அடிச்சவன் தூக்கத்துல அடிச்சிருக்கான்."

மேனேஜர் அம்மா கடிதத்தை மேசைமேல் வைத்தார். இரும்புப் பெட்டிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி எழுதியிருந்தது. 'எங்கள் இருபதடிப் பெட்டி ஒன்று பத்தொன்பது வருடமாக உங்கள் யார்டில் இருக்கிறது. தயவுசெய்து திருப்பித் தரவும்.'

ஜோசியருக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. துறைமுகத்தை ஒட்டிய அந்த யார்டில் அவர் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள் லாரியிலோ ரயிலிலோ ஏறுவதற்கு முன் அங்கே நாலைந்து நாள் அடுக்கில் கிடக்கும். எந்தப் பெட்டி எந்த வரிசையில், கீழிருந்து எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. அவருடைய மண்டைக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரை வைக்கலாமா என்று மேனேஜர் அம்மா ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி நம்பரைச் சரி பாருங்கம்மா. குட்டு வெளிப்பட்டுரும்," என்றார் ஜோசியர் உற்சாகமாக.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். கடைசி இலக்கம் மற்ற பத்துக்கும் சாட்சி. எழுத்துக்கு இவ்வளவு, இடத்துக்கு இவ்வளவு என்று ஒரு முறைப்படி அந்தப் பத்தையும் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மிஞ்சுவதுதான் அது. நடுவில் ஒன்றைத் தப்பாக எழுதினாலும் சாட்சி பிறழ்ந்துவிடும்.

மேனேஜர் அம்மா போட்டுப் பார்த்தார். மிச்சம் மூன்று. கடிதத்தில் கடைசி இலக்கமும் மூன்று.

"நம்பர் சரியாத்தான் இருக்கு. பெட்டி எங்கே?"

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் சொல்லாத சொல்; நாக்கு வளையவில்லை. அவசரமாக யோசித்தார். யார்டில் அவருக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான்: போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அடுக்கிய ஆறாம் வரிசையின் அடி. மற்ற எல்லா இடத்திலும் வேறு பெட்டி இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே காணாமல் போனது அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"ஆறாம் வரிசைல, அடியில," என்றார்.

மேனேஜர் அம்மா உடனே போனை எடுத்தார். "பெட்டி கிடைச்சிருச்சு. நாலு மணிக்கு லாரி அனுப்புங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "நாலு மணிக்குப் பெட்டி வரலேன்னா, நாளைலேர்ந்து நீங்க கேட்ல கொடி காட்டுங்க. இங்க கம்ப்யூட்டர் உக்காரட்டும்."

கோபமே இல்லாமல் சொன்னார். ஜோசியர் யார்டுக்கு ஓடினார்.

கிரேன் ஓட்டுவது அவர் மனைவியின் தம்பி. ஆறு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். ஜோசியர் வாக்கி டாக்கியைப் பிடித்தார்.

"மச்சான், ஆறாம் வரிசைல அடிப்பெட்டி வேணும்."

"மேல நாலு இருக்கே மாமா. அதை எங்க வைக்கிறது, உங்க தலையிலயா?"

நியாயமான கேள்வி. அடுக்கி வைத்த தட்டுகளில் அடித்தட்டை உருவுவது போன்ற வேலை இது. மேலே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். பெட்டியின் நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும். கிரேனின் சட்டம் மேலே வந்து உட்கார்ந்து, நாலு ஓட்டையிலும் கொக்கியை நுழைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் தூக்கலாம். தூக்குவது சுலபம். வைப்பதற்குத்தான் இடம் வேண்டும்.

"லாரி போற பாதைல வை. அஞ்சு நிமிஷம்தானே."

அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. அடிப்பெட்டியின் கதவைப் போய்ப் பார்த்தார். வேறு நம்பர். உள்ளே தரைக்குப் போடும் டைல்ஸ்.

அதற்குள் பாதை அடைத்துக்கொண்டு, லாரி வரிசை கிடங்குத் தெருவைத் தாண்டிப் பாலம் வரை போயிருந்தது. பாலத்திலிருந்து ஒலித்த ஹார்ன் கப்பலுக்கே கேட்டிருக்கும்.

"நாலையும் தூக்கி அஞ்சாம் வரிசை மேல போடு மச்சான்!"

போட்டான். அஞ்சாம் வரிசையின் உச்சியில் இருந்தவை மூன்று மணிக் கப்பலில் ஏற வேண்டிய பெட்டிகள். அவை இப்போது அடியில் போய்விட்டன. கப்பல் ஏஜென்ட் போனில் கத்தினார்.

"அப்படின்னா நாலையும் ஏழாம் வரிசைக்கு மாத்து."

"மாமா, நாம பெட்டியைத் தேடுறோமா, சீட்டுக் கட்டைக் கலைக்கிறோமா?"

மத்தியானத்துக்குள் ஜோசியரின் மண்டைக்குள் இருந்த யார்டு வேறு, வெளியே இருந்த யார்டு வேறு என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"தம்பி சொன்னான். ஏதோ பெட்டியைத் தொலைச்சிட்டீங்களாமே?"

"தொலைக்கலடி. தேடிக்கிட்டிருக்கேன்."

"காதுல இருக்கான்னு பாத்தீங்களா?"

"இருபதடிப் பெட்டியை எப்படிக் காதுல வைக்கிறது?"

"பென்சிலைச் சொல்றேன். வீட்டுல எதைத் தேடினாலும் அதைக் கூடவே வச்சுக்கிட்டுத்தானே தேடுவீங்க. அதான் கேட்டேன்."

போனை வைத்தபின் காதைத் தடவினார். காலையிலிருந்து தேடிய பென்சில் அங்கே இருந்தது.

மூன்றே முக்காலுக்குக் கம்பெனி லாரி வந்துவிட்டது. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜோசியரின் அறைக்குள் வந்தார். முதல் வரிசைக்கு முன்னால், கிரேன் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது அந்த அறை. நீளமான, குறுகலான அறை. நடந்தால் தரை டம் டம் என்று அதிரும். சுவரில் நீலப் பெயிண்ட் மேல் நீலப் பெயிண்ட்.

"என்ன சார், ரூமு அடுப்பு மாதிரி காயுது?"

"பழைய கொட்டகை மழையில விழுந்தப்ப, நாலு நாளைக்குன்னு இங்க வந்தோம் தம்பி. அந்த நாலு நாள் இன்னும் முடியல."

மேனேஜர் அம்மா உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஜோசியர் எழுந்து நின்றார். சொல்ல வேண்டியதை எச்சிலோடு சேர்த்து ஒருமுறை விழுங்கினார். பிறகு சொன்னார்.

"எனக்குத் தெரியலம்மா. அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு எனக்கு நிஜமாவே தெரியல."

திட்ட வந்த மேனேஜர் அம்மா, ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல உக்காருங்க. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையாமே. இதைக் காலைலயே சொல்லியிருந்தா எல்லாருமாச் சேர்ந்து தேடியிருப்போம்ல?"

உட்கார்ந்ததும் ஜோசியருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்பரைக் கதவிலும் பக்கங்களிலும் மட்டும் எழுதுவதில்லை, கூரைமேலும் எழுதுவார்கள். உயரத்திலிருந்து பார்க்கும் கிரேன்காரருக்காக எழுதுவது அது. கீழே நடக்கிறவர்கள் கண்ணில் படாது. அடியில் இருந்த பெட்டிகளின் கதவையெல்லாம் பார்த்தபடி அவர் காலையிலிருந்து கீழேதான் நடந்துகொண்டிருந்தார்.

"மச்சான், கடைசி வரிசைலேர்ந்து ஆரம்பி. ஒவ்வொரு கூரையா படிச்சுக்கிட்டே வா."

கிரேன் மணியடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. "ஒம்பதாம் வரிசை இல்ல மாமா." கொஞ்சம் கழித்து, "எட்டு, ஏழு, இல்ல." டிரைவர் கொட்டாவி விட்டார். "ரெண்டாம் வரிசை இல்ல." மேனேஜர் அம்மா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் வரிசை... இல்ல மாமா."

ஜோசியர் வாக்கி டாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கேட்டில் கொடி காட்டினால் கை எவ்வளவு வலிக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்.

மணிச் சத்தம் நிற்கவில்லை. நெருங்கி வந்தது. ஜன்னல் இருட்டியது. தலைக்கு மேல் கனமான ஏதோ ஒன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. துருத்தூள் உதிர்ந்து தண்ணீர்த் தம்ளரில் விழுந்தது. அறையின் நாலு மூலையிலும் 'டக்' என்று ஏதோ திருகிப் பூட்டிக்கொண்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"பெட்டி கெடச்சிருச்சு மாமா. இப்படியே லாரியில ஏத்திரட்டுமா, இல்ல நீங்க மூணு பேரும் மொதல்ல எறங்கிக்கிறீங்களா?"