வினாடிக்கு ஒரு கோடி முறை குளோடா

ஷானன், அயர்லாந்து,
நவம்பர் 14.

அன்பு மகள் குளோடாவுக்கு அப்பா கோல்மன் எழுதுவது. இங்கே நான், அம்மா, நாய் ப்ரான் மூவரும் சுகம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீயும் உன் நோயாளிகளும் அப்படியே இருக்கக் கடவுள் அருளட்டும். இங்கே மழை. உன் ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், வருஷக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். தைரியமாகக் கையெழுத்துப் போடு. எங்களை நினைத்துத் தயங்காதே.

அது போகட்டும். செவ்வாய்க்கிழமை ஆபீஸில் என் மானம் போன கதையைக் கேள். என் பிழைப்பு உனக்குத் தெரியும், கம்ப்யூட்டர் வயரில் தகவல் பாக்கெட்டுகளை எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று சோதிப்பது. ஒவ்வொரு பாக்கெட்டையும் புதிதாகக் கட்டினால் வேகம் போய்விடும், அதனால் ஒரு தடவை கட்டி, அனுப்பி, அது போனதும் அதே பஃபரை, அதாவது பாக்கெட்டைக் கட்டிவைத்த அதே நினைவகப் பெட்டியை, எடுத்து, மேலே முகவரியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புவோம். உள்ளே எழுதியது தானாக அழியாது, நாம்தான் துடைக்கவேண்டும். காலையில் சோதனைக்கு ஏதாவது எழுதிப் போடவேண்டியிருந்தது. மிகச் சின்ன பாக்கெட், உள்ளே பதினெட்டு எழுத்துக்குத்தான் இடம். ‘குளோடா, வீட்டுக்கு வா’ என்பதை இங்கிலீஷில் எழுதினால், காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கச்சிதமாகப் பதினெட்டு. வேறு எந்தக் காரணமும் இல்லை. மதியம் பின்லாந்திலிருந்து வாடிக்கையாளர் வந்தார், நான் முகவரியை மாற்றினேன், உள்ளே துடைக்க மறந்தே போனேன், பெரிய திரையில் வினாடிக்கு ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சம் தடவை நீ ஓடுகிறாய்!

எங்கள் மேலாளர் டெர்வ்லா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“யாருய்யா அந்தக் குளோடா?”

“என் பொண்ணுங்க. சும்மா சோதனைக்குப் போட்டது.”

பின்லாந்துக்காரர் வாயே திறக்காத மனுஷன். அவரும் கேட்டுவிட்டார்: “இத்தனை கோடி தடவை கூப்பிட்டும் வரலையா? ரொம்பப் பிடிவாதக்காரியோ?”

“பழசைத் துடைக்காம அனுப்பலாமாய்யா?” என்று டெர்வ்லா தலையில் அடித்துக்கொண்டாள். “முப்பது வருஷமா இங்க என்னத்தைக் கிழிச்சே?”

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா அதற்கு மேல். “போன்ல பொண்ணுகிட்ட மழையைப் பத்தியே பேசுவீங்க. மெஷின்கிட்ட மட்டும் மனசைத் திறப்பீங்களாக்கும்!”

அந்த வயர் ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆறடி நீளம். அத்தனை கோடியில் ஒன்றுகூட உன்னிடம் வந்து சேராதும்மா. நீ பள்ளிக்கூடத்தில் ஹர்லிங் பந்து விளையாடிய மட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தினமும் காலில் இடித்துக்கொள்கிறேன், எடுத்து வைக்க மனசு வரமாட்டேங்குது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். மாதா உன் கூடவே இருப்பாளாக.

உன் அப்பா,
கோல்மன்.

பி.கு.: உறையில் போடுமுன் அம்மா படித்துவிட்டாள். “ப்ரான் சுகமா? ஈஸ்டருக்கு முன்னாடி நாமதானே அதைப் புதைச்சோம்?” என்கிறாள். மாட்டிக்கொண்டேன். முதல் பத்தி, நீ முதன்முதலில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான் உனக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. தேதியை மாற்றி, அந்த மூன்று வருஷ வரியைச் செருகினேன். மழையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. உனக்குப் பதில் எழுதத் தைரியம் வராமல் பழைய பதிலையே விட்டுவிட்டேன். இப்போது துடைத்துவிட்டு எழுதுகிறேன்: கையெழுத்துப் போடாதே. குளோடா, வீட்டுக்கு வா.

ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். போதும்தானே?