நல்லாப் பேசிப்போட்டன்

கீழ் டிவிஷன் லயம்,
எஹலியகொட.

என் அன்புக்குரிய மச்சான் கஜேந்திரனுக்கு,

உன் அக்காவின் கணவர் அழகமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா இருளாயியும் உடம்பால் சுகம். மனசாலும் சுகம் என்று எழுதினால் அது பச்சைப் பொய். கித்துல்கலயில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாரியம்மன் துணை. ஆற்றில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது, மிதக்கிற சட்டையை அவர்களுக்கு மட்டும் மாட்டிவிடாமல் நீயும் போட்டுக்கொள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் கிருஷ்ணகுமாரி எடுக்கிற நேரத்தில் நான் உன்னோடு கதையளந்துகொண்டிருந்து லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது. அதோடு போனில் நீ என்னை முழுசாகச் சொல்ல விடுவதுமில்லை, பாதியிலேயே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. விஷயம் இதுதான். உன் மருமகளின் பெரிய படிப்பு இன்றைக்கு என் வாயால் கெட்டுப்போய்விட்டது என்று பயமாக இருக்கிறது. கேகாலையில் உனக்குத் தெரிந்த அதிபர் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பார்த்து அவளுக்கு ஒரு டீச்சர் வேலைக்குச் சொல்லி வை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அவள் பட்டம் வாங்கிய கையோடு எம்.பில். படிக்கச் சேர்ந்தது உனக்குத் தெரியும். நம் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலியில் பொம்பளைகள் காத்துக் கிடக்கிறார்களே, அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அதற்குப் பொறுப்பான பேராசிரியர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். அவர் போன தடவை இவளைக் கூப்பிட்டு, எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது, உனக்குக் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸும் இல்லை, இன்டர்பர்சனல் ஸ்கில்ஸும் இல்லை, ஆராய்ச்சியைப் பரிசீலிக்கிற குழுவுக்கு முன்னால் நின்று ஒழுங்காக விளக்காவிட்டால் படிப்பு அத்தோடு நிற்கும் என்று சொல்லிவிட்டார். அதாவது மனிதர்களோடு பழகத் தெரிய வேண்டுமாம். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு மனிதர்களோடு பழகத் தெரியாதா? ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டுக்காரன் மருந்து சொல்கிற இடம் இது. ஆனாலும் இவள் பயந்துபோய், போனில் நடக்கிற ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். லீவுக்கு வந்த நாளிலிருந்து படித்ததையெல்லாம் எங்கள் மேல்தான் பழகிப் பார்த்தாள்.

எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் நாம் காது கொடுத்துக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியுமாம். ஸ்டோரில் ரப்பர் ஷீட் தூக்கிவிட்டு வந்து, "முழங்கால் வலிக்குதும்மா"ன்னு சொன்னேன். என் கண்ணையே உற்றுப் பார்த்து, "அப்ப உங்களுக்கு முழங்கால் வலிக்குதுன்னு நீங்க சொல்றீங்க, சரிதானேப்பா?" என்றாள். எண்ணெய் எடுத்துத் தடவிவிடுவாள் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். உன் அக்கா, "அடுப்பு எரிய மாட்டேங்குது"ன்னாள். "அடுப்பு எரியாதது உங்களுக்கு வருத்தமா இருக்கும்மா" என்றாள் இவள். உன் அக்காவின் குணம்தான் உனக்குத் தெரியுமே, ஊதுகுழலை ஓங்கிக்கொண்டு, "நக்கலா?" என்றாள்.

இன்னொன்று, குறை சொல்வதென்றால் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு புகழ்ச்சி வைத்து நடுவில்தான் சொல்ல வேண்டுமாம். "அம்மா, நீங்க சம்பல் இடிக்கிற வேகம் அருமை. உப்பு கூடிப்போச்சு. உங்க சேலை ரொம்ப அழகு." இருளாயி அன்றைக்குக் கட்டியிருந்தது ரப்பர் பால்வெட்டுக்குக் கட்டுகிற கிழிந்த சேலை. இன்று வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையைப் பார்த்து இவள் கண் சிமிட்டாமல் நின்று சிரித்ததில், அந்த மனுசன் பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அழகமுத்து, யூனியன்ல ஏதும் பெட்டிசன் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

இரு, வெளியே போய் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

சிக்னல் இருக்கிறது. அழைப்புத்தான் இல்லை. சரி, மிச்சத்தைக் கேள். இவள் திரும்பிப் போன பிறகு, போன வாரம் பேராசிரியர் அம்மாவே எனக்குப் போன் எடுத்தார். நான் எழும்பி நின்றுகொண்டேன். "கிருஷ்ணகுமாரியின்ட அப்பாவோ? உங்கட மகளை நேற்று நான் நல்லாப் பேசிப்போட்டன். பிறகு எனக்கே ஒரு மாதிரிக் கிடந்தது, அதான் எடுத்தனான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை மச்சான். எவ்வளவு பெரிய மனுசி, நம்ம புள்ளையோட உட்கார்ந்து நல்லா பேசியிருக்காங்க, அதை எனக்குச் சொல்ல வேற செய்றாங்க! "ரொம்ப சந்தோசங்கம்மா, நீங்க பேசாம வேற யாரு பேசுவா?" என்றேன். "உங்களுக்குக் கோவம் இல்லையோ?" என்று கேட்டார். "எதுக்குங்கம்மா கோவம்? தெனமும் பேசுங்க. தனியா பேசினா பத்தாதுங்க, நாலு பேருக்கு முன்னால வச்சிப் பேசுங்க, அப்பதான் புள்ளைக்குக் கூச்சம் போவும்" என்றேன். அடுப்படியிலிருந்து உன் அக்கா வேறு, "எனக்கும் சேத்து பேசச் சொல்லுங்க" என்று கத்தினாள், அதையும் சொன்னேன். "இப்பிடி ஒரு தகப்பனை நான் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டொபி மிட்டாய் பாக்கெட் வாங்கி லயம் முழுக்கக் கொடுத்தேன். நம்ம புள்ளைய பேராசிரியர் அம்மா நல்லா பேசிட்டாங்க என்று கோயில் தலைவர் வரைக்கும் சொல்லி வைத்தேன்.

இன்றைக்குத்தான் அந்தக் குழு. தேநீர் இடைவேளையில் கிருஷ்ணா போன் எடுத்தாள், குரலே சரியில்லை. "அப்பா, நான் பேச ஆரம்பிச்சு கொஞ்ச நேரம்தான், எல்லாருக்கும் முன்னால மேடம் என்னைய கிழிச்சுட்டாங்க. 'உம்மட அப்பாதான் நாலு பேருக்கு முன்னால பேசச் சொன்னவர்'னு வேற சொல்றாங்க. நீங்களாப்பா சொன்னீங்க?" நான் பெருமையாக, "ஆமாம்மா, நான்தான் சொன்னேன்!" என்றேன். போன் அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, தூக்குவாரில்லை.

ஒன்றும் விளங்காமல் டவுனுக்கு ஓடினேன். துணிக்கடை ஜுனைதீன் நானா முன்பு யாழ்ப்பாணத்துக்குச் சரக்குக் கொண்டுபோய் விற்ற ஆள். நடந்ததைச் சொன்னதும் மனுசன் அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். "அடேய் அழகமுத்து, நாங்க பேசுறதுன்னு சொல்றதுக்கு அங்க கதைக்கிறதுன்னு சொல்லுவாங்க. அங்க பேசுறதுன்னா ஏசுறது. மகள நல்லா ஏசிட்டேன்னு அந்த மனுசி வருத்தப்பட்டு எடுத்திருக்கு. நீ போதாதுன்னு இன்னும் ஏசச் சொல்லியிருக்க!" கடையில் நின்ற சிங்களப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மாமாட்ட வதுர டிகக் தென்ன" என்று எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். குடித்தேன். வீட்டுக்கு ஓடி வந்தேன்.

மச்சான், நான் முன்கோபக்காரன், ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்துத் துரையோடு சண்டை போட்டிருக்கிறேன், உன்னோடும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையை ஒரு நாளும் ஏசியதில்லை. அப்படிப்பட்டவன் அவளை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தச் சொல்லி டொபி கொடுத்திருக்கிறேன். என் பிள்ளை இப்போது என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பாள்? படிப்பு போனால் போகட்டும் என்றுகூட இருக்கிறது, அப்பாவே இப்படிச் செய்துவிட்டாரே என்று அவள் நினைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உன் அக்கா, நடந்து நடந்து தரையைத் தேய்க்காதீங்க என்கிறாள். ஆகையால் அந்த அதிபரை உடனே பார். பிள்ளை சாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று சொல்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உனக்கு நீண்ட ஆயுள். ஆற்றில் தண்ணீர் கூடினால் இறங்காதே.

இப்படிக்கு,
வாயைத் திறந்து கெட்ட உன் மச்சான்,
அழகமுத்து.

பி.கு.: மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்காதே. அதிபரைப் பார்க்காதே. இதுவரை படிக்காமலே ஓடிப்போய்ப் பார்த்திருந்தால், அது வேறு பிள்ளை என்று சொல்லிவிடு. கடித உறையை ஒட்டப் போகும்போது கிருஷ்ணா போன் எடுத்தாள். போனைச் சத்தம் வராமல் வைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மறந்துவிட்டாளாம், நான் இங்கே செத்துப் பிழைத்ததுதான் மிச்சம். நான் முதலில் பேசுறது, கதைக்கிறது, ஏசுறது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். பிள்ளை சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தேநீர் முடிந்து, வீட்டுக்கு வரலாம் என்று தாள்களை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். அங்கே குழுவிலிருந்த ஒரு விரிவுரையாளர் சேர், "பீலியில பொம்பளைங்க சண்டை பிடிக்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று சிரித்திருக்கிறார். இவளுக்குள் உன் அக்கா புகுந்துவிட்டாள். "விடிய முன்ன எந்திரிச்சு ஒரு வாளி தண்ணிக்கு நின்னு பாத்திருக்கீங்களா சேர்? ஒரு நாள் வாங்க, எங்கம்மாவுக்குப் பின்னால நில்லுங்க, வாளியோட திரும்பிப் போறீங்களான்னு பாப்போம்!" என்று தொடங்கி, ஆராய்ச்சி முழுவதையும் தாளைப் பார்க்காமல் பீலியில் நிற்கிற மாதிரியே கொட்டித் தீர்த்திருக்கிறாள். அந்தச் சேர் அடங்கிப்போய், "அப்ப நீங்க சொல்றது என்னன்னா..." என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னாராம். இவள், "நக்கலா சேர்?" என்று கேட்டுவிட்டாளாம்.

குழு ஏற்றுக்கொண்டுவிட்டது, படிப்பு தொடரும். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் அம்மாவும் எடுத்தார். "உங்கட மகள் இண்டைக்கு நல்லாப் பேசிப்போட்டா" என்றார். எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை. ரெண்டும்தான் என்று தெரிந்துவிட்டது.