மூன்றாம் நம்பர் நாய்

கே.ஜி.எஃப்.காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, கல்யாணப் பந்தியில் தள்ளுமுள்ளா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டுமா, எதுவானாலும் "மைன்ஸ்ல இதுக்கு இன்னா பண்ணுவாங்க தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவோம். தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வியாதி மட்டும் மூன்று ஷிப்டும் வேலை பார்க்கிறது. எனக்கு அது முற்றிய கேஸ். இத்தனைக்கும் நான் சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூட இறங்கினவள் இல்லை.

இந்த வியாதியால் ஒரு சனிக்கிழமை நான் இரண்டு வீட்டு நாய்களை மாற்றிக் கொடுத்தேன். அல்லது மாற்றிக் கொடுக்கவில்லை. எது என்று ஆறு வருஷம் எனக்கே தெரியாமல் இருந்தது.

அதற்கு முன்னால் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு பெரிய கடையில் நாள் முழுக்க பில் போட்டுவிட்டு, இருட்டியபிறகு வீடு திரும்புவேன். என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயசு. நான் கிளம்பும்போதும் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் சோறு பிசைந்து ஊட்டப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எங்கப்பா எங்க?" என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். (தண்ணீர் வரவில்லை. அழுகை வெளியே கேட்டது.)

அந்த சமயத்தில்தான் ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். முதலாளி நாகராஜ் சார், பங்காருபேட்டைக்காரர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். பெங்களூரில் வேலை பார்த்தவள் என்று சொன்னதும் என்னை மேனேஜராகப் போட்டுவிட்டார். மூன்று மாதம் பார்ப்பார், சரிப்பட்டால் நிரந்தரம். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இந்த வேலை போனால் மறுபடியும் ரயில், மறுபடியும் ஆன்ட்டி. ஆகவே இந்த வேலையை விடக்கூடாது என்பதில் மட்டும் நான் தெளிவாக இருந்தேன். மற்ற எல்லாவற்றிலும் குழப்பம்தான்.

முதல் மாதமே நாய் விவகாரம் வந்தது. எங்கள் ஊரில் சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் மனுஷன் கால் நீட்டப் படுக்க இடம் இருக்காது, ஆனால் கட்டிலில் ஒரு வெள்ளை பொமரேனியன் படுத்திருக்கும். வீட்டுக்காரர்கள் மளிகை வாங்க வந்தால் அதுவும் கூட வரும். ஒரு அம்மா துவரம்பருப்பு மூட்டையிலிருந்து வெள்ளை முடி ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, நாய் வந்து போகிற இடத்தில் வாங்கின பருப்பை எப்படிச் சாமிக்குப் படைப்பது என்று கேட்டார். நியாயம்தானே, தலையாட்டினேன். பத்து நிமிஷம் கழித்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், தனியாக இருப்பவர், கையில் எப்போதும் டாமி. டாமி வாரம் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளிக்கிறான், இந்தக் கடைக்கு வரும் ஆண்களில் எத்தனை பேர் அப்படிக் குளிக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல் என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. அதற்கும் தலையாட்டினேன். (கிடங்கில் எலிகள் யாரையும் கேட்காமல் போய்வந்துகொண்டிருந்ததை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.)

நாகராஜ் சாரிடம் கேட்டேன். ஒரு நாயும் உள்ளே வரக்கூடாது, நாய் வைத்திருக்கிற ஒரு கஸ்டமரும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பொறி தட்டியது. டோக்கன்! என் அப்பா சுரங்கத்து டைம் ஆபீசில் இருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குமுன் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. ஒன்று பலகையில் தொங்கும், ஒன்று அவன் கையில் இருக்கும். மேலே வந்ததும் இரண்டும் சேரும். சேரவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான், தேடு. இதையே நாய்க்குச் செய்தால் என்ன? கடை வாசல் தாழ்வாரத்தில் ஆறு ஆணி, ஆறு நம்பர். நாயை ஆணியில் கட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போ, பருப்பு வாங்கு, டோக்கனைக் கொடு, நாயை அவிழ்த்துக்கொண்டு போ.

அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஆளு டோக்கன் மாறிப் போச்சுன்னா, நான் இன்னாருன்னு அவனே வாயத் தொறந்து சொல்லுவான். நாயி சொல்லுமா?" என்றார். பழைய காலத்து ஆள், புது விஷயம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் திட்டம் அமோகமாக ஓடியது. நாகராஜ் சார் ஆணிகளை போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வானம் கறுத்திருந்தது. முதல் இரண்டு ஆணிகளில் யாரோ குடை மாட்டியிருந்தார்கள். மூன்றில் டீச்சரின் டாமி. நான்கில் முனுசாமி மாமாவின் ஜிம்மி. இரண்டும் வெள்ளை பொமரேனியன். முனுசாமி மாமா சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கின இன்ஜின் டிரைவர், அப்பாவுக்குத் தோஸ்து. ஒரு கண்ணில் புரை எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வீட்டில் படுத்திருக்கச் சொன்னால் கேட்கிற ஜாதியில்லை.

திடீரென்று மழை அடித்துக்கொண்டு வந்தது. சாரல் தாழ்வாரம் முழுக்க. இரண்டு நாயும் நனைந்து ஊளையிட்டன. என் இளகிய மனசு இருக்கிறதே, அதுதான் எனக்கு எமன். ஓடிப்போய் இரண்டையும் அவிழ்த்துக் கிடங்குக்குத் தூக்கி வந்தேன். ஈரச் சங்கிலிகளைக் கழற்றிக் காயப் போட்டுவிட்டு, இரண்டையும் சணல் கயிற்றில் வெங்காய மூட்டை பக்கத்தில் கட்டினேன். கழுத்துப் பட்டையாவது வேறுவேறாக இருந்திருக்கலாம். இரண்டும் எங்கள் கடையில் சலுகை விலையில் விற்ற அதே சிவப்புப் பட்டை.

நம்பர் சுவரில் இருந்தது, நாய் உள்ளே இருந்தது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டீச்சர் மூன்றாம் நம்பர் டோக்கனை நீட்டினார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் கிடங்குக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டேன். நனைந்த பொமரேனியன் பாதி நாய். முடியெல்லாம் ஒட்டிப்போய், இரண்டும் ஒரே மாதிரி நடுங்கிக்கொண்டு, ஒரே மாதிரி என்னைப் பார்த்தன. "டாமி" என்றேன். இரண்டும் வாலாட்டின. "ஜிம்மி" என்றேன். இன்னும் நன்றாக ஆட்டின. இடப்பக்கம் இருந்தது மூன்றாம் நம்பர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைத் துண்டில் சுற்றி டீச்சர் கையில் கொடுத்தேன். மற்றதைத் துவட்டி முனுசாமி மாமாவிடம் கொடுத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடி வழியாக அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரத்தில் டீச்சர் திரும்பி வந்தார், கக்கத்தில் நாய். நாகராஜ் சாரும் கடையில் இருந்தார்.

"இது என் டாமி இல்லை. என் டாமி சோஃபாவில் ஏறமாட்டான். இவன் ஏறினது மட்டுமில்லை, குஷனைக் கடிச்சு வச்சிருக்கான்."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரிடம் படிக்காத வீடு அந்தப் பேட்டையில் குறைவு. அவர் வேண்டாம் என்றால் பாதி ஊர் எங்கள் கடைக்கு வராது. நாகராஜ் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஏனம்மா இது? இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள டீச்சர் நாயி டீச்சர்கிட்ட இருக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை நீ பழையபடி ட்ரெய்னு புடிச்சிக்கோ."

டீச்சரையும் நாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, முனுசாமி மாமா குடியிருக்கிற ஸ்கெலட்டன் ஏரியாவுக்குப் போனேன். வழியெல்லாம் வேண்டாத தெய்வமில்லை. முனுசாமி மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில், முடி காய்ந்து பஞ்சு மாதிரி, ஒரு நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாமா பேசுற நீ? இதான் ஜிம்மி. ஆபரேசன் பண்ண டாக்டருக்குக் கும்புடு போடணும். இவன் இம்மாம் வெள்ளையா கீறான்னு எனக்கு இத்தினி நாளா தெரியவே இல்லயே" என்றார்.

புரை எடுத்ததால் நாய் வெளுத்ததா, நாய் மாறியதால் வெளுத்ததா? எனக்குத் தலை சுற்றியது. டீச்சர் கணக்கு டீச்சர் இல்லையா, பரீட்சை வைத்துவிடலாம் என்றார்.

முதல் பரீட்சை மாமாவுடையது. கீழே இருக்கிற ஆட்கள் கேஜில் ஏறப்போகிறார்கள் என்றால் மணியை மூன்று முறை அடிப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் ஜிம்மிக்குச் சோறு வைக்கும்போதும் தட்டில் மூன்று தட்டு தட்டுவார். ஜிம்மி என்றால் ஓடி வரும். தட்டினார். இரண்டு நாயும் ஓடி வந்தன.

அடுத்து டீச்சர் ஒரு பிஸ்கட்டை எடுத்து, "டாமி, சிட்" என்றார். இரண்டும் உட்கார்ந்தன. டீச்சருக்கே வியர்த்துவிட்டது. எதிர்த்த வீட்டுக்காரர் சும்மா எட்டிப் பார்த்தார், அவர் காலடியிலும் போய் இரண்டும் உட்கார்ந்தன.

மாமா சட்டென்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ, நாய் போனது போதாதென்று இந்த மனுஷன் கண்ணும் என்னால் போகப் போகிறதே என்று பதறிப்போய் மாட்டச் சொன்னேன். அவர் கேட்காமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளையாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைக் காட்டி, "எங்க வேணா வந்து சொல்றேன், இதான் என் ஜிம்மி" என்றார்.

எல்லாம் டீச்சர் கையில். நான் கும்பிட்டேன். "டீச்சர், நல்லா பாத்து சொல்லுங்க. எனக்குப் பொண்ணு கீது. மறுபடியும் என்னால ட்ரெய்ன்ல போக முடியாது" என்றேன். மேனேஜர் என்று எழுதின சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று அழுதேன்.

டீச்சர் இரண்டு நாயையும் ஒரு முறை பார்த்தார். தன் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்த நாயைக் குனிந்து தூக்கினார். "மழையில் நனைஞ்சதால் எனக்குத்தான் அடையாளம் தெரியலை. இவன்தான் டாமி" என்றார்.

ஆக, நாங்கள் கொண்டுபோன நாயோடு திரும்பி வந்தோம். முனுசாமி மாமா வைத்திருந்த நாய் அவரிடமே இருந்தது. அப்படியானால் நான் மாற்றிக் கொடுக்கவே இல்லையா? இல்லை என்றால் அந்தக் குஷனைக் கடித்தது யார்? ஒன்றும் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள நான் முயற்சி பண்ணவும் இல்லை. டீச்சரே கடைக்கு வந்து, தப்பு தன்னுடையது என்று நாகராஜ் சாரிடம் சொன்னார். சார் அன்றைக்கே ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, சின்ன நாயைக் கையில் தூக்கிக்கொண்டு வரலாம், தரையில் விடக்கூடாது, பருப்பு மூட்டைகளுக்கு மூடி போட வேண்டும் என்று சட்டம் போட்டார். இன்றுவரை அதுதான் சட்டம். இரண்டு கட்சியும் என்னிடம் வந்து குறை சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது.

வீட்டில்தான் விடவில்லை. ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ நான் கிளம்பினால், வரிசையிலோ வாசலிலோ விட்டுவிட்டுப் போகிற செருப்புக்கு டோக்கன் வாங்கு என்பார் அப்பா.

போன மாதம் ஸ்டெல்லா டீச்சர் பில் போட வந்தார். கூட்டமில்லை. கையிலிருந்த நாய்க்கு வயசாகிவிட்டது. முனுசாமி மாமா வீட்டுக்கு மாதாமாதம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவீர்களே, இந்த மாதம் போகவில்லையா என்று கேட்டேன். போக வேண்டும் என்றவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அங்க இருக்கிறதுதாம்மா என் டாமி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

என் கையிலிருந்த உப்புப் பாக்கெட் கீழே விழுந்தது.

"டாமி ரொம்ப ஒழுக்கமான நாய். அஞ்சு வருஷத்தில் ஒரு நாள் சோஃபாவில் ஏறினதில்லை. இவன் வந்த அன்னைக்கே ஏறி என் மடியில் படுத்துட்டான். கோவத்தோடுதான் திருப்பிக் கொண்டுவந்தேன். ஆட்டோவிலயும் மடியிலயே தூங்கிட்டான். என் பையன் கனடா போனதிலிருந்து அந்த சோஃபாவில் என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லைம்மா. அங்க முனுசாமி அண்ணனுக்கும் டாமியை அவ்வளவு பிடிச்சுப் போச்சு. நீயும் அழுதுட்டே. கணக்கு சரியா வந்துச்சு, விட்டுட்டேன்."

அவர் எனக்காகப் பொய் சொன்னாரா, தனக்காகவா என்று யோசித்துக்கொண்டே பில்லை நீட்டினேன். அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். யாழினி மட்டும் சிரிக்கவில்லை. இப்போது அவளுக்கு ஒன்பது வயசு. "ஆஸ்பத்திரில என்னையும் அந்த மாதிரி மாத்திக் குடுத்திருந்தா, நீ இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சாலும், இதுதான் என் பொண்ணுன்னு தூக்கிக்கினு வந்திருப்பேன்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரமே கணக்கில் பெயிலாகி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "டோக்கன் மாறிப் போச்சும்மா, இனிமே திருப்பிக் குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு சோஃபாவில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.