ஒன்றும் மிஞ்சாத இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எரிந்த கல்யாண அடுப்புகள் அத்தனையிலும், ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய சமையல்காரர் ஒருவர்தான். மிச்சம் மாஸ்டர் என்பார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அந்த எண் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. சீர் அதிரசம் என்றால் அத்தனைதான், கூடாது, குறையாது. எழுபதுகளில் என் கல்யாணத்துக்கு வாலிகண்டபுரத்தில் எங்கள் கொல்லையில் அடுப்பு மூட்டினார். எண்ணெய்ப் புகைக்குள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, தாலாட்டு மாதிரிச் சொன்னார்.

“ரெண்டா பிரி பாப்பா, மூணா பிரி, ஏழா பிரி, பத்து வரைக்கும் எதால வேணாலும் பிரி. ஒண்ணும் மிஞ்சாது. இதவிடச் சின்ன நம்பர் எதுக்கும் இந்தக் கொணம் கெடையாது.”

நம்பாமல் புளியங்கொட்டையை எண்ணி ஏழு குவியல் போட்டுப் பார்த்தேன். ஒரு மத்தியானமே கரைந்து போனது. சரியாகத்தான் இருந்தது. பாயெல்லாம் அதிரசம் ஆறிக்கிடந்ததைப் பார்த்தால், ஆகாசத்துக்கே நிலா செய்து அனுப்புகிற வீடு எங்களுடையது போலிருந்தது. எங்கள் வீட்டுச் சீர் என்றால் சும்மாவா.

அரியலூர்ப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளிகள் பத்து வீடு. சீர்ப் பலகாரத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பது அங்கே முறை. எண்ணிக்கை கலைந்துவிடும் என்று மாஸ்டரும் வண்டியேறி, டின்களைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டே வந்தார்.

பிரிக்க உட்காரும்போது பதினோராவது பங்காளி வாசலில் வந்து நின்றார். என் சின்ன மாமனார். கிணற்றுத் தகராறில் பல வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவர். அவர் மனம் கோணித் திரும்பினால், வந்த மருமகள் ராசி என்று என் தலையில்தான் விடியும்.

பதினொன்றாகப் பிரித்தார்கள். வீட்டுக்கு இருநூற்று இருபத்தொன்பது. தாம்பாளத்தில் ஒன்று மிஞ்சியது.

மாஸ்டர் இழவு வீட்டில் உட்கார்வதுபோல உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் பத்து சுட்டுப் போட்டா சரியாப் போச்சு” என்றார் என் மாமியார்.

“பதினொண்ணுக்குச் சரியாப் போவும்ங்க. மூணுக்கும் ஏழுக்கும் கெட்டுப்போயிரும். எல்லாத்துக்கும் ஒத்துவரணும்னா இருபத்தேழாயிரத்து எழுநூத்து இருபது சுடணும்.”

“மாவிடிக்க ஒங்க ஊரையே கூட்டியாறியா?”

சின்ன மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் வந்ததாலதான மிஞ்சுது. போயிட்டு வரேன்.”

மாஸ்டர் எழுந்தார். மிஞ்சிய அதிரசத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார்.

“ஐயா, நில்லுங்க. பதினோரு வூட்டுக்கும் சரியாத்தான் இருக்கு. கொண்டாந்த பொண்ணுக்கு யாரு பங்கு வெச்சீங்க? நானும் வெக்கல. கணக்கு வெச்சிருக்கு.”

சின்ன மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாப்புடும்மா” என்று சொல்லிவிட்டுத் தன் கூறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அத்தனை பேர் பார்க்க, வெட்கப்படாமல் முழுசையும் தின்றேன். அந்த வீட்டில் என்னை முதலில் ஓர் ஆளாக எண்ணியவர் என் புருஷன் இல்லை, மாஸ்டர்தான்.